முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு

டைட்டஸ் வந்தது ஒரு இன்டர்வியூவுக்கு.
ரெண்டு நாள் அண்ணி, என்றான்.
ஒரு பை, ஒரு ஜோடி ஷூ,
அவன் அம்மா கொடுத்தனுப்பிய மாங்காய் வற்றல்.
கொரோனாவுக்கு முந்தின வருஷம் அது.

அப்போது அவன் என் கொழுந்தன்.

லிங்கராஜபுரத்தில் என் வீடு, இரண்டாம் மாடி,
ரயில் போனால் டம்ளர் பேசும்.
ஹாலில் ஒரு திவான். பை அதன் கீழே போனது.
பிறகு பைக்குள் இருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்து
தங்களுக்கென்று ஒரு ஆணி தேடிக்கொண்டன.

வேலை கிடைத்தது, போனது, வேறு கிடைத்தது.
வீட்டிலிருந்தே செய்யலாமாம்.
என் வீட்டிலிருந்தே.

ஒரு மார்ச் மாதம் அவன் அண்ணன் பிலமோன்
இஸ்திரி போட்ட சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு
ஹென்னூருக்குப் போய்விட்டான்.
சூட்கேஸ் இடிக்காதபடி கதவைப் பிடித்துக்கொண்டது டைட்டஸ்தான்.
பிறகு சாத்திவிட்டு உள்ளே வந்து,
இன்னிக்கு தண்ணி லாரி வருமா அண்ணி, என்றான்.

கோர்ட்டில் எல்லாம் பிரிந்தது.
மிக்ஸி எனக்கு, பைக் அவனுக்கு,
வீட்டுக் கடன் எனக்கே எனக்கு.
ஹாலில் படுத்திருந்தவனைப் பற்றி
இரண்டு வக்கீல்களும் ஒரு வரி எழுதவில்லை.

தீர்ப்புக்கு மறுநாளிலிருந்து அவன் எனக்கு யார்?
கொழுந்தன் இல்லை. தம்பி இல்லை.
விருந்தாளி என்றால் நாலரை வருஷமா?
குடியிருப்பவன் என்றால் வாடகை எங்கே?
இத்தனை முறை வைத்திருக்கிற தமிழில்
இவனுக்கு ஒரு சொல் இல்லை.
கீழ்வீட்டு ஜெயம்மாவுக்குக் குழப்பமே கிடையாது.
‘நிம்ம மைதுனா’ என்பாள்,
அவன் ஸ்கூட்டரைக் கேட்டுக்குக் குறுக்கே நிறுத்தும்போதெல்லாம்.

கெட்டவன் என்றால் நாக்கு அழுகிவிடும்.
மோட்டார் போடுவான். கேஸ் புக் செய்வான்.
என் காய்ச்சலில் ரசம் வைத்தான், உப்பு போடாமல்.
ஆனால் ராத்திரி ஒரு வாய் தண்ணீருக்கு
என் வீட்டில், என் ஃபிரிட்ஜுக்கு,
நான் நைட்டிமேல் துண்டு போட்டுக்கொண்டு போனேன்.
பதினோரு தப்படி.

சொல்லிப் பார்க்காமலா?
சித்தி மகள் வருகிறாள் என்றேன்.
வரட்டும், நான் கிச்சனில் படுத்துக்கறேன், என்றான்.
லோன் வட்டி ஏறிப்போச்சு என்றேன்.
என்னைவிட அதிகமாகக் கோபப்பட்டான் பேங்கின் மேல்.
பானஸ்வாடி பி.ஜி. விளம்பரம் ஒன்றை வெட்டி
ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.
அதன் ஓரத்தில்
வாட்டர் கேன்காரனின் நம்பரை எழுதி வைத்தான்.

கடைசியில் காக்ஸ் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடை.
இருநூறு ரூபாய் முத்திரைத்தாள்.
மாதம் ஒன்பதாயிரம்,
பெங்களூர் வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ்.
நான் முதல் தரப்பு. அவன் இரண்டாம் தரப்பு.
தீர்ப்புக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த முதல் உறவு.

திவான்மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.
பயந்தாங்கொள்ளி. பதினைந்து நிமிஷம் இருந்திருக்கலாம்.
திரும்பும்போது எட்டு மணி.
தாள் என் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது,
ஓரிடத்தில் பென்சில் வட்டம்.

அப்பா பேரு ஞானாபரணம், என்றான்.
ஒரு எழுத்து விட்டிருக்கு.

வேறெதுவும் சொல்லவில்லை.
கையெழுத்தும் போடவில்லை.
மீன்குழம்பைச் சூடு பண்ணிக் கொடுத்தான், சாப்பிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்தால்
ஹால் நீளமாக இருந்தது.
திவான் உறை துவைத்துக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.
சுவரில் ஆணிகள், எண்ணினேன், ஒன்பது.
டி.வி. மேல் இரண்டு சாவி.
ஒன்று நான் கொடுத்தது.
மற்றது எப்போதோ எனக்குத் தெரியாமல் வெட்டிக்கொண்டது,
ஒரு தரம்கூடப் போடாத பித்தளைப் பளபளப்பு.

மைதுனா எல்லி, என்றாள் ஜெயம்மா சாயங்காலம்.
ஊருக்கு, என்றேன்.
எதற்குப் பொய் சொன்னேன் என்று மாடிப்படியில் யோசித்தேன்.

அன்று ராத்திரி துண்டில்லாமல் எழுந்தேன்.
ஃபிரிட்ஜ் வரை நடந்தேன். திரும்பினேன்.
மறுபடி ஃபிரிட்ஜ் வரை.
மூன்றாம் தடவை கதவைத் திறந்து
அந்த வெளிச்சத்தில் நின்றேன்.

தாகமே இல்லை.